ஊரார் அணைத்த நெருப்பு

ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் அண்டை அயலார் என்ன செய்வர்? ஓடி வருவர் என்றுதான் எவரும் விடை கூறுவர். அது மெய்யே. ஆனால் ஓடி வருவது ஒன்று. வந்தவர்கள் தீயை அணைப்பது மற்றொன்று. வாளி இல்லை, ஏணி இல்லை, எவர் எங்கே நிற்பது, எவர் சொல்லை எவர் கேட்பது என்னும் ஒழுங்கும் இல்லை என்றால், ஆயிரம் பேர் திரண்டாலும் அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுவர். நல்ல நெஞ்சம் மட்டும் நெருப்பை அணைப்பதில்லை. நெஞ்சம் உடையோர் முன்கூட்டியே கூடிப் பேசி, ஓர் ஒழுங்கிற்குத் தம்மை உட்படுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அவ்வாறு கூடியவர்களின் வரலாற்றையே இங்கே காணப்போகிறோம். கூலி எதுவும் பெறாமல், கடையையும் கழனியையும் விட்டு எழுந்தோடி, தம் ஊரின் தீயைத் தாமே அணைத்த தொண்டர்களின் வரலாறு அது. அவ்வரலாற்றின் ஊடே ஒரு கேள்வி தொடர்ந்து வருவதைக் காணலாம். பொதுமக்கள் தாமாகவே கூடி ஒரு படையாக அமைவதை நம்பலாமா என்பதே அக்கேள்வி.

ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வி இரண்டு கடிதங்களில் எழுந்தது. அப்போது உரோமப் பேரரசை ஆண்டவன் திராஜன். கருங்கடற் கரையிலிருந்த பித்தினியா மாநிலத்திற்கு அவன் அனுப்பிய ஆளுநர், இளைய பிளினி என்னும் அறிஞர். அம்மாநிலத்தில் நிக்கோமீடியா என்றொரு நகரம் இருந்தது. இன்று துருக்கி நாட்டில் இஸ்மித் என வழங்குவது அதுவே. பிளினி வேறு பகுதிகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அந்நகரில் பெருந்தீ மூண்டது. பல வீடுகள் எரிந்தன. நடுவே ஒரு தெரு கிடந்தும், அதைத் தாண்டிச் சென்று இரு பொதுக் கட்டடங்களையும் தீ விழுங்கிற்று.

பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில் பிளினி இரு காரணங்களைக் குறித்தார். ஒன்று, காற்று, மற்றொன்று, மக்களின் செயலின்மை. ஊரார் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர் என்று அவர் வருந்தினார். அதே கடிதத்தில் அதற்குரிய விளக்கமும் இருக்கிறது. ஊருக்குப் பொதுவான நீரிறைக்கும் பொறி ஒன்றேனும் இல்லை. ஒரு வாளிகூட இல்லை. கருவிகளை வாங்க ஆணையிட்ட பிளினி, மேலும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். கைவினைஞர் 150 பேரைக் கொண்டு தீயணைக்கும் குழு ஒன்று அமைக்கலாமா? தொகை சிறியது, மேற்பார்வை செய்வது எளிது என்றும் உறுதி கூறினார்.

திராஜன் மறுத்துவிட்டான். இத்தகைய கூட்டங்களால் அம்மாநிலம் முன்னமே அமைதி இழந்தது என்பதை நினைவூட்டினான். எப்பெயர் இட்டாலும், எந்நோக்கம் கருதினாலும், ஒன்றாகக் கூடுவோர் விரைவில் அரசியற் கூட்டமாக மாறிவிடுவர் என்பது அவன் கருத்து. கருவிகளை வாங்கி வைத்தாற் போதும். வீட்டுக்குடையவர்கள் அவற்றைப் பயன்படுத்தட்டும். தேவை நேர்ந்தால் கூடும் கும்பலைத் துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும் என்று முடித்தான்.

இவ்விடையில் ஒரு முரண் உண்டு. தலைநகராகிய உரோமில் தீயணைக்கவும் இரவுக் காவல் புரியவும் ஒரு படை இருந்தது. கி.பி. 6ஆம் ஆண்டில் அகஸ்டஸ் ஏற்படுத்திய படை அது. ஆனால் அது பேரரசனின் ஆணைக்கு உட்பட்ட படை. நிக்கோமீடியாவில் பிளினி கேட்டதோ, ஊர்க் கைவினைஞர் தம்முள் கூடி அமைக்கும் சங்கம். கும்பலை நம்பத் துணிந்த பேரரசன், சங்கத்தை நம்பத் துணியவில்லை.

நம் நாட்டு அரசியல் நூலாகிய கௌடலியரின் அர்த்தசாத்திரம் இதே சிக்கலுக்கு வேறொரு வழி காட்டுகிறது. நகரத் தலைவனின் கடமைகளைக் கூறும் பகுதியில் தீக் காப்பு விரிவாக இடம்பெறுகிறது. கோடையில் வீட்டுக்கு வெளியே சமைத்தல் வேண்டும். நீர்க்குடம், ஏணி, கோடரி, கொக்கி முதலிய கருவிகளை வீடுதோறும் வைத்திருத்தல் வேண்டும். நெருப்பால் பிழைக்கும் தொழிலாளர் ஒரே பகுதியில் குடியிருத்தல் வேண்டும். பெருவீதிகளிலும் நாற்சந்திகளிலும் வாயில்களிலும் நீர் நிறைந்த குடங்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்துதல் வேண்டும். எரியும் வீட்டுக்கு உதவ ஓடி வாராத வீட்டுக்காரனுக்கு 12 பணம் தண்டம். குடிக்கூலிக்கு இருப்பவனுக்கு 6 பணம். அண்டை வீட்டின் தீயை அணைப்பது அருளன்று, கடன் என்பது அந்நூலின் துணிபு. எனினும் அது அரசன் தண்டத்தால் வாங்கும் கடன். மக்கள் தாமே ஏற்றுக்கொண்ட கடன் அன்று.

தாமே ஏற்றுக்கொண்ட கடனாக அது உருப்பெற்ற இடங்களுள் புகழ் வாய்ந்தது வட அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலேயரின் குடியேற்ற நாட்டில் வளர்ந்துவந்த ஒரு துறைமுகப் பட்டினம். மரத்தால் ஆன கூரைகள். குளிர்காலம் முழுதும் அணையாத அடுப்புகள். கரி படிந்த புகைபோக்கிகள். 1730ஆம் ஆண்டில் அதன் படகுத்துறை அருகே மூண்ட தீ பல வணிகர்களின் பண்டசாலைகளையும் வீடுகளையும் அழித்தது. ஊரார் அச்சம் கொண்டனர். ஆனால் அச்சம் ஓர் அமைப்பாக உருவெடுக்க மேலும் சில ஆண்டுகள் சென்றன.

அவ்வூரில் அச்சுத் தொழில் நடத்திவந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிற்காலத்தில் மின்னலின் தன்மையை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் அவரே. 1735ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் செய்தித்தாளில், முதியவர் ஒருவர் எழுதியதுபோல் ஒரு கடிதத்தை அவர் வெளியிட்டார். தணலை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் திறந்த கரண்டியில் எடுத்துச் செல்லாதீர். மூடிய கலத்தில் கொண்டு செல்லுங்கள் என்று அதில் அறிவுறுத்தினார். அடுப்பைச் சுற்றி மரச்சட்டம் வைத்துக் கட்டுவதைக் கண்டித்தார். புகைபோக்கி துடைப்போர் நகரத் தலைவரிடம் உரிமம் பெறவேண்டும் என்றார். இறுதியாக, பாஸ்டன் நகரில் உள்ளதுபோல் தீயணைக்கப் பழகிய குழுக்கள் தம் ஊரிலும் தோன்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1736ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அக்குழு தோன்றியது. 'யூனியன் தீயணைப்புக் குழு' என்பது அதன் பெயர். பிராங்க்ளினுக்கு அப்போது வயது முப்பது. தொடக்கத்தில் சேர்ந்தோரும் ஏறத்தாழ முப்பதின்மரே. எழுத்தில் வகுத்த விதிகளுக்கு ஒவ்வொருவரும் கையெழுத்திட்டனர். ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில் தோல் வாளிகளும், வாயிற் சுருக்குக் கயிறு கோத்த உறுதியான துணிப் பைகளும் வைத்திருத்தல் வேண்டும். வாளிகள் நீருக்கு, பைகள் எரியும் வீட்டிலிருந்து பொருள்களை மீட்பதற்கு. தீ மூண்ட இடத்தில் திருடர்க்குக் கொண்டாட்டம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனவே நீர் ஊற்றுவதைப் போலவே பொருளைக் காப்பதும் உறுப்பினரின் கடமை ஆயிற்று.

மாதம் ஒருமுறை கூடி உணவருந்தி, தீக் காப்பைப் பற்றி அளவளாவுவர். கூட்டத்திற்கு வாராதவர் தண்டம் கட்டவேண்டும். அத்தண்டப் பணம் எவர் பைக்கும் போகவில்லை. நீரிறைக்கும் பொறி, ஏணி, கூரையை இழுத்துத் தள்ளும் கொக்கி ஆகியவற்றை வாங்க அது பயன்பட்டது. கௌடலியர் விதித்த தண்டத்தை அரசன் வாங்குவான். இங்கோ, தண்டத்தை விதித்தவரும் அவர்களே, கட்டியவரும் அவர்களே, அதன் பயனைப் பெற்றவர் ஊரார். வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். உண்மையில் ஓர் அரசியல் தத்துவமே அதனுள் அடங்கியுள்ளது.

மேலும் பலர் சேர விரும்பியபோது, குழுவைப் பெருக்க அவர்கள் இசையவில்லை. நீங்களும் உங்கள் தெருவில் ஒரு குழு அமைத்துக்கொள்ளுங்கள் என்று கூறி அனுப்பினர். ஒரு குழு பலவாயிற்று. நகரில் சொத்துடையோர் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு குழுவில் உறுப்பினர் ஆயினர். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது பிராங்க்ளின் அக்குழுவை நினைவுகூர்ந்தார். தொடக்க உறுப்பினருள் தாமும் தம்மினும் ஓராண்டு மூத்த மற்றொருவரும் மட்டுமே உயிருடன் இருப்பதைக் குறித்தார். அவ்வமைப்புத் தோன்றியபின் தீயினால் ஒரே சமயத்தில் ஓரிரு வீடுகளுக்கு மேல் நகரம் இழந்ததில்லை என்றும் பெருமிதத்தோடு எழுதினார்.

அக்காலத்தில் தீயை அணைத்தது எவ்வாறு என்பதை இங்கே விளக்குதல் தகும். கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ எரியும் வீடு வரை மக்கள் இரு வரிசையாக நிற்பர். ஒரு வரிசையில் நிறைந்த வாளி கைமாறிக் கைமாறித் தீயை நோக்கிச் செல்லும். மறு வரிசையில் வெறும் வாளி நீர்நிலைக்குத் திரும்பும். நிறைந்த வாளிகளை வலிய ஆடவரும், வெறும் வாளிகளைப் பெண்டிரும் சிறுவரும் கைமாற்றுவது வழக்கம். பொறி இருந்தால் அந்நீர் அதன் தொட்டியில் வீழும். இருபுறமும் நீண்ட தண்டுகளைப் பற்றி ஆட்கள் மேலும் கீழும் அழுத்த, நீர் சீறிப் பாயும். 1672ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஓவியர் யான் வான் டெர் ஹைடன் தோற் குழாயை வழக்கிற்குக் கொணர்ந்த பின்னரே, நீரைத் தீயின் அருகே செலுத்த இயன்றது. எனினும் எல்லாவற்றுக்கும் அடிப்படை மனிதக் கைகளே. வரிசையில் ஒரு கை இல்லையேல் வாளி அங்கேயே நின்றுவிடும்.

பிராங்க்ளினும் அவருடைய தோழர்களும் அடுத்து மற்றொரு செயலை மேற்கொண்டனர். தீ அணைந்தபின் வீடிழந்தவர் கதி என்ன? 1752ஆம் ஆண்டில் வீட்டுக்குடையோர் பலர் ஒன்றுகூடி, ஒருவர் இழப்பை அனைவரும் பகிர்ந்துகொள்ளும் காப்பீட்டுக் கழகம் ஒன்றை அமைத்தனர். அது இன்றும் நடைபெற்றுவருகிறது. அக்கழகத்தில் சேர்ந்த வீடுகளின் முகப்பில் ஈயத்தால் ஆன ஒரு சின்னம் பொருத்தினர். நான்கு கைகள், ஒன்றின் மணிக்கட்டை மற்றொன்று பற்றியிருக்கும் உருவம் அது. தொண்டர் படைகளின் கருத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சின்னம் வேறில்லை.

ஆனால் அக்கைகள் யாருடைய கைகள்? இக்கேள்விக்குப் பிலடெல்பியா அளித்த விடை பெருமைக்கு உரியதன்று. 1818ஆம் ஆண்டில் அந்நகரின் கறுப்பின இளைஞர்கள் தங்களுக்கென ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க முற்பட்டனர். வெள்ளையர் குழுக்கள் அதை எதிர்த்தன. அம்முயற்சி கைவிடப்பட்டது. தீ மனிதனின் நிறம் பார்ப்பதில்லை. அதை அணைக்க வந்தவர்கள் பார்த்தனர். நகரைக் காக்கும் கடமையிற் பங்கு கேட்பது, நகரில் உரிமை கேட்பதற்கு ஒப்பானது என்பதை இரு தரப்பினரும் உணர்ந்திருந்தனர். அதனால்தான் அவர்கள் கேட்டனர், இவர்கள் மறுத்தனர்.

இதைப் படிக்கும் நாம் பிறரைக் குறைகூறுவதோடு நின்றுவிட இயலாது. ஊர்ப் பொதுக் குளத்தில் நீர் எடுக்கும் உரிமையை நிலைநாட்ட, 1927ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் மகாத் நகரில் ஓர் அறப்போர் நடத்த வேண்டியிருந்த நாடு நம்முடையது. ஒருவர் தொட்ட வாளியை மற்றவர் தொடமாட்டேன் என்னும் ஊரில் வாளி வரிசை அமையாது. தீண்டாமை எரியும் வீட்டில் நீரைத் தடுத்து நிறுத்தும் கொடுமை என்பதை, தீயணைப்பின் வரலாறு வேறெந்த வரலாற்றினும் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

அமெரிக்க நகரங்கள் பெருகப் பெருக, தொண்டர் குழுக்களும் பெருகின. அவற்றின் இயல்பும் மாறிற்று. பொறிகளுக்கு வண்ணம் தீட்டி அழகு செய்தனர். எந்தக் குழு தீயிடத்தை முதலில் அடைவது என்பதில் போட்டி மூண்டது. நீர்க்குழாயைப் பிறர் கண்ணிற் படாதவாறு பீப்பாயால் மூடி, தம் குழு வரும்வரை அதன்மேல் ஓர் ஆளை அமர்த்திய கதைகளும் உண்டு. வீடு எரிந்துகொண்டிருக்க, அணைக்க வந்தவர்கள் தெருவில் அடித்துக்கொண்டனர். பிலடெல்பியாவில் சில குழுக்கள் தெருச் சண்டைக் கும்பல்களோடு கைகோத்தன.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. 'அமெரிக்கஸ்' என்னும் பெயர் பூண்ட ஆறாம் எண் பொறிக் குழுவின் தலைவராக இருந்தவர் வில்லியம் டுவீட். அக்குழுவின் சின்னம் புலி. தீயணைப்புக் குழுவில் திரட்டிய செல்வாக்கை ஏணியாகக் கொண்டு அவர் நகர அரசியலில் ஏறினார். நகரையே தம் கைக்குள் கொண்டுவந்து, பொதுப் பணத்தைச் சூறையாடி, இறுதியில் 1878ஆம் ஆண்டில் சிறையில் உயிர் நீத்தார். அவர் குழுவின் புலியே அவருடைய அரசியற் கழகத்தின் அடையாளமாகக் கேலிச் சித்திரங்களில் நிலைத்தது. கூடுவோர் விரைவில் அரசியற் கூட்டமாவர் என்ற திராஜனின் சொல், பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின் பலித்துவிட்டதுபோல் தோன்றியது.

இந்நிலைக்கு முடிவு கண்டது ஒரு பொறி. கையால் இயக்கும் பொறிக்குப் பலர் முறைவைத்து மாறி மாறி உழைக்கவேண்டும். ஆதலால்தான் குழுக்களில் பெருந்தொகையினர் தேவைப்பட்டனர். ஓகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பொறியை ஏபல் ஷாக், அலெக்சாண்டர் லாட்டா ஆகியோர் செய்து காட்டினர். சிலர் இயக்கினாற் போதும். இழுத்துச் செல்லக் குதிரைகள் உண்டு. ஓயாமல் நீர் பாயும். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்நகரில் ஊதியம் பெறும் தீயணைப்புத் துறை பணி தொடங்கியது. அதன் முதல் தலைவர் மைல்ஸ் கிரீன்வுட், முன்பு தொண்டர் குழுவில் பணியாற்றியவரே. நியூயார்க் 1865ஆம் ஆண்டிலும், பிராங்க்ளினின் பிலடெல்பியா 1871ஆம் ஆண்டிலும் அவ்வழியைப் பின்பற்றின.

அப்படியானால் திராஜன் கூறியதே சரி என்று முடிவு கட்டலாமா? அதற்குமுன் தென் அமெரிக்காவின் சிலி நாட்டை நோக்குதல் வேண்டும்.

பசிபிக் பெருங்கடற் கரையில் வால்பரைசோ என்னும் துறைமுக நகர் உள்ளது. 1850ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அங்கே பெருந்தீ நிகழ்ந்தது. மறு ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அந்நகரத்தார் தொண்டர் தீயணைப்புப் படையை நிறுவினர். கடல் கடந்து வணிகத்திற்கு வந்து குடியேறிய ஜெர்மானியர், பிரெஞ்சியர், இத்தாலியர், ஆங்கிலேயர், ஸ்பானியர் ஆகியோர் காலப்போக்கில் தத்தமக்கெனக் குழுக்கள் அமைத்துக்கொண்டனர். ஆனால் அவை அனைத்தும் ஒரே படையின் உறுப்புகள். ஒரே தலைவரின் ஆணைக்கு உட்பட்டவை. அயல்நாட்டிலிருந்து வந்தவன் 'இது என் ஊர்' என்று சொல்லும் உரிமையைத் தீயணைக்கும் தொண்டின் வாயிலாகவே பெற்றான். பிலடெல்பியா மறுத்ததை வால்பரைசோ வழங்கிற்று.

தலைநகராகிய சாந்தியாகோ ஒரு பேரழிவின் பின்னரே விழித்தது. 1863ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், மரியன்னையின் திருவிழா. இயேசு சபையாரின் பெயரால் வழங்கிய தேவாலயம் ஆயிரக்கணக்கான விளக்குகளாலும் துணித் தோரணங்களாலும் நிறைந்திருந்தது. மாலை வழிபாட்டிற்குத் திரண்டோரில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு விளக்கின் சுடர் அலங்காரத்திற் பற்றியது. நெரிசலில் வாயில்கள் அடைபட்டன. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு கட்டடத்தில் நேர்ந்த தீ விபத்துகளுள் உலக வரலாறு அறிந்த மிகக் கொடியவற்றுள் இது ஒன்று.

துயரத்தில் ஆழ்ந்த நகரில் ஹோசே லூயிஸ் கிளாரோ என்பவர் செய்தித்தாளில் ஓர் அழைப்பு வெளியிட்டார். தீயணைக்கும் குழு ஒன்று அமைப்போம், விரும்பும் இளைஞர் வருக என்பதே அதன் பொருள். தேவாலயம் எரிந்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 20 அன்று, சாந்தியாகோவின் தொண்டர் படை நிறுவப்பட்டது. இறந்தவர்க்கு அழுது முடிப்பதற்கு முன்பே, இனி இறக்கக்கூடாதவர்க்காக அவர்கள் கூடினர்.

அன்று தொடங்கிய மரபு இன்றும் அறவில்லை. சிலி நாட்டில் தீயணைப்போர் அனைவரும் இந்நாள்வரை தொண்டர்களே. முந்நூறுக்கு மேற்பட்ட படைகள் நாடெங்கும் உள்ளன. மருத்துவர், வழக்கறிஞர், கடைக்காரர், மாணவர், கூலித் தொழிலாளர் எனப் பலரும் அவற்றில் உறுப்பினர். ஊதியம் இல்லை; மாறாக, உறுப்பினரே மாதக் கட்டணம் செலுத்துவர். கருவிகளுக்கு அரசு பொருளுதவி செய்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்படைகளின் பொதுப்பணித் தகுதியை உறுதிசெய்தது. அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1953ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளின் முதல் மணிகளில், வால்பரைசோவின் மரக்கிடங்கு ஒன்றில் பற்றிய தீயை அணைக்கத் தொண்டர் விரைந்தனர். அருகே வைத்திருந்த வெடிபொருள்களைப் பற்றி அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. அவை வெடித்ததில் 36 தொண்டர் மாண்டனர். பண்டிகை உடையோடு வீட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆகவே, கூடுவோர் கெட்டுவிடுவர் என்பது விதியன்று. நியூயார்க்கில் கெட்டதும் சாந்தியாகோவில் நிலைத்ததும் ஒரே வகையான மனிதர்கள் கூடிய கூட்டமே. குழுக்கள் தம்முள் போட்டியிட்டு, எவருக்கும் கட்டுப்படாமல், வேண்டாதவரை வெளியே நிறுத்தியபோது அவை சீரழிந்தன. ஒரே ஆணைக்கு உட்பட்டு, கணக்கைப் பொதுவில் வைத்து, வந்தவரைச் சேர்த்துக்கொண்டபோது தலைமுறை தலைமுறையாக நிலைத்தன. திராஜன் கேட்டது சரியான கேள்வி. ஆனால் கூட்டத்தைத் தடுப்பதே விடை என்று அவன் கருதியது பிழை.

அமெரிக்காவிலும் பெருநகரங்கள் மட்டுமே தொண்டர் முறையைக் கைவிட்டன. சிற்றூர்கள் அதை விடவில்லை, விடவும் இயலாது. சில ஆயிரம் மக்கள் வாழும் ஊர், ஆண்டு முழுதும் ஊதியம் கொடுத்து ஒரு படையை வைத்திருக்க வருவாய் போதாது. எனவே அந்நாட்டின் தீயணைப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இன்றும் தொண்டர்களே. சங்கு ஒலித்தாலோ, இடுப்பிலுள்ள சிறு கருவி அழைத்தாலோ, தச்சர் உளியை வைத்துவிட்டு ஓடுவார். ஆசிரியர் வகுப்பை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுவார்.

அச்சிற்றூர்களில் தீயணைப்பு நிலையம் வண்டி நிறுத்தும் கொட்டகை மட்டுமன்று. ஊர்க் கூட்டமும் விருந்தும் அங்கேதான் நிகழ்கின்றன. பொறி வாங்கப் பணம் வேண்டுமெனில், தொண்டர்களே சமைத்துப் பரிமாறிக் காலையுணவு விருந்து நடத்துவர். ஊரார் வந்து உண்டு, இயன்றதைக் கொடுத்துச் செல்வர். வெள்ளம் வந்தால் படகோடு செல்பவரும், நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்தால் தகட்டை வெட்டி ஆளை மீட்பவரும், நள்ளிரவில் முதியவருக்கு மூச்சடைத்தால் முதலில் கதவைத் தட்டுபவரும் அவர்களே. இன்று அந்நாட்டுப் படைகளுக்கு வரும் அழைப்புகளில் தீயைக் காட்டிலும் மருத்துவ உதவிக்கான அழைப்புகளே மிகுதி.

ஆயினும் அம்மரபு இன்று இளைத்துவருகிறது. 1984ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தொண்டர் தொகை, 2020ஆம் ஆண்டில் 6 லட்சத்து 77 ஆயிரம் அளவிற்குக் குறைந்துவிட்டது. உள்ளூரில் வேலை இன்றி, மக்கள் தொலைதூர நகரங்களுக்குப் பகலெல்லாம் செல்கின்றனர். பகல் வேளையில் சங்கு ஒலித்தால் ஓடிவர ஊரில் ஆள் இல்லை. பயிற்சிக்கு வேண்டிய நேரமும் முன்னினும் பெருகிவிட்டது. தொண்டு செய்யும் மனம் குறைந்தது என்பதினும், தொண்டு செய்வோர் ஊரில் தங்கும் பொழுது குறைந்தது என்பதே பொருந்தும்.

இனி நம் நாட்டின் நிலையைக் காண்போம். இந்தியாவின் பெருநகரங்களில் தீயணைப்புப் படைகள் ஆங்கிலேயர் காலத்திலேயே ஊதியப் படைகளாக உருவாயின. அவற்றின் தியாகம் எத்தொண்டர் படையின் தியாகத்திற்கும் குறைந்ததன்று. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. அதை அணைக்கும் பணியில் தீயணைப்புப் படையினர் 66 பேர் உயிர் துறந்தனர். அந்நாளையே நாம் ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாகப் போற்றிவருகிறோம்.

ஆனால் ஊதியப் படையின் வண்டி நகரத்திலிருந்து புறப்படவேண்டும். கோடைக் காற்றில் ஒரு கூரை வீடு பற்றினால் சில நிமிடங்களில் அடுத்த கூரையும் பற்றும். வைக்கோற்போரில் விழுந்த பொறி, வண்டி வந்து சேரும்வரை காத்திராது. 1992ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தத்தால் நகராட்சிகளுக்கென வகுக்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில் தீயணைப்புப் பணி இடம்பெற்றிருக்கிறது. ஊராட்சிகளுக்கென வகுக்கப்பட்ட பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் அது இடம்பெறவில்லை. சிற்றூரில் தீயின் முதல் நிமிடங்களுக்குப் பொறுப்பு யார் என்னும் கேள்விக்கு, அண்டை வீட்டாரைத் தவிர வேறு விடை இல்லை.

அண்டை வீட்டாரைப் பயிற்றுவிக்கும் முயற்சிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1946ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் தோன்றிய ஊர்க்காவல் படை தொண்டர் படையாகவே அமைந்தது. 1968ஆம் ஆண்டுக் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் தொண்டர்களைத் திரட்ட வழி செய்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ஆம் ஆண்டில் 'ஆப்தா மித்ரா' என்னும் திட்டத்தை 30 மாவட்டங்களில் 6000 தொண்டர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நோக்கத்தோடு தொடங்கியது. பேரிடர் காலத்து நண்பன் என்பது அப்பெயரின் பொருள். பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர் என அதன் இலக்கு விரிவாக்கப்பட்டது. இவை நற்றொடக்கங்களே. எனினும், மேலிருந்து வரும் பயிற்சி, ஊரிலிருந்து எழும் ஒழுங்கோடு சேரும்போதே முழுப் பயன் தரும்.

அவ்வொழுங்கிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 1736ஆம் ஆண்டில் முப்பது பேர் செய்ததை இன்றும் முப்பது பேர் செய்யலாம். எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தச் சந்தில் வண்டி நுழையாது, நடக்க இயலாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பவற்றை அறிந்தவர் ஊராரே. நகரத்திலிருந்து வரும் படைவீரர் அல்லர். இவற்றைக் குறித்து வைத்தல், வாளியையும் ஏணியையும் பொது இடத்தில் வைத்தல், தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமித்தல், மாதம் ஒருமுறை கூடிப் பழகுதல் ஆகிய இவையே தொடக்கம்.

நிக்கோமீடியாவில் அன்று நின்று பார்த்தவர்கள் கொடியவர் அல்லர். அவர்களுக்கு வாளி இல்லை. வாளி வாங்கியபின்னும் கூட உரிமை இல்லை. நமக்குக் கூடும் உரிமையை அரசியலமைப்பே வழங்கியிருக்கிறது. தெருவின் இரு கோடியிலும் உள்ளவர்கள் தயக்கமின்றி ஒரே வாளியைக் கைமாற்றும் ஊராக நம் ஊர் இருக்கிறதா என்பதை, தீ மூளுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூண்டபின் கேட்க நேரம் இராது.